திரும்பி வந்த மின்னஞ்சல்



சென்ற மாதம் ஹைதராபாத்தில் என் அலுவலகத்திலிருந்து, வாடிக்கையாளர் ஒருவரின் மடலுக்குப் பதிலாக விலைப்புள்ளி அனுப்பினேன். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மடல் உடனே திரும்பி வந்தது. பதற்றத்தில் மீண்டும் இருமுறை அனுப்பினேன், அவையும் திரும்பின.

பிறகுதான் திரும்பி வந்த அறிவிப்பைப் படித்தேன். 550 என்ற எண் இருந்தது. ஜான் போஸ்டல் 1982-இல் வகுத்த மின்னஞ்சல் விதிகளின்படி, 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடை. கணினியே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. அதிலும் 550 என்றால், பெரும்பாலும் அந்த முகவரியே இல்லை என்று பொருள்.

அவர் மடல் எனக்கு ஒழுங்காக வந்ததே! காரணம் இதுதான்: மடலில் 'ரிப்ளை-டு' என்ற தனி வரி இருந்தால், பதில் அனுப்பியவர் முகவரிக்குப் போகாது, அந்த வரியில் உள்ள முகவரிக்கே போகும். அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. தொலைபேசியில் அவரையே கேட்டுச் சரியான முகவரிக்கு அனுப்பினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

திரும்பி வரும் மடல் தவற்றையாவது சொல்கிறது. திரும்பாத தவறே ஆபத்து. நமக்கு முன்னெழுத்து தந்தை பெயர். தெலுங்கு நண்பர்களுக்கு அது வீட்டுப் பெயர். ஒரே பெயருடைய இருவர் இருக்கும் அலுவலகத்தில் முன்னெழுத்து மாறினால், மடல் சத்தமில்லாமல் அடுத்தவரிடம் போய்விடும்.

ஆகவே முகவரியை ஊகிக்காதீர்கள், கேட்டு எழுதுங்கள்.