பொற்கொல்லரைத் தேடும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. பாஸ்டன் குளிரைப் பற்றி உன் அப்பா தினமும் எங்களுக்குச் செய்தி வாசிக்கிறார், அதனால் அதைக் கேட்கவில்லை.

நீ அருங்காட்சியகத்தில் எடுத்து அனுப்பிய ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்கோட்டு இல்லை, பொய்முடி இல்லை. வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். ஒரு கையில் வெள்ளித் தேநீர்க் கெண்டி, முன்னால் மேசையில் சித்திரம் வெட்டும் உளிகள். 1768இல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த பால் ரிவியர். இந்தப் பொற்கொல்லரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் தேடி எழுத வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். நான் சரித்திரம் படித்தவள் இல்லை. வேலைக்காலம் முழுக்கப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஊரார் குடும்பக் கதைகளைப் படித்தே சம்பளம் வாங்கியவள். ஒரு காகிதம் கைக்கு வந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் யார், எந்தத் தேவைக்காக எழுதினார்கள் என்று பார்ப்பேன். உன்னையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன்.

முதலில் அந்தக் குதிரையை விட்டுவிடு. 1775 ஏப்ரல் 18 இரவு, ஆங்கிலேயப் படை வருகிறது என்று எச்சரிக்க ரிவியர் லெக்சிங்டனுக்குக் குதிரையில் போனது உண்மைதான். ஆனால் உலகத்துக்குத் தெரிந்த கதை லாங்ஃபெலோ 1860இல் எழுதிய கவிதையால் பரவியது. அதில் ரிவியர் கான்கார்டு வரை போய்ச் சேர்கிறார். நடந்ததோ, வழியிலேயே காவல்படையிடம் மாட்டிக்கொண்டார், குதிரையும் பறிபோனது. இதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். 83 வயது வாழ்ந்த மனிதரின் 40ஆவது வயதில் வந்த ஓர் இரவு அது. அங்கே ஆரம்பிக்கிறவர்கள், முன்னும் பின்னும் உள்ள எல்லாவற்றையும் அந்த இரவுக்கு முகவுரை, பின்னுரையாக்கிவிடுகிறார்கள். நீ அப்பாவிடம் இருந்து ஆரம்பி.

அப்பாவின் பெயர் அப்போலோஸ் ரிவ்வார். பிரான்சில் போர்தோவுக்குக் கிழக்கே ரியோகோ என்ற சிற்றூரில், 1702 நவம்பர் 30 இரவு பத்து மணியளவில் பிறந்தவர். நேரம் வரைக்கும் எப்படித் தெரியும் என்கிறாயா? பெற்றோர் எழுதிவைத்த குறிப்பு உறவினர்களிடம் தங்கியிருந்தது. 1715 நவம்பர் 21 அன்று பையன் கெர்ன்சி தீவுக்குப் புறப்பட்டான் என்பதும் அதில் இருக்கிறது. அவர்கள் ஹியூகனாட்டுகள், பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். 1685இல் நாந்த் சாசனம் ரத்தானபின் அந்த மதத்தாருக்குச் சொந்த நாட்டில் வாழ்வு கடினமாகிவிட்டது. தீவில் இருந்த சித்தப்பா பையனை அங்கேயே வைத்துக்கொள்ளாமல் பாஸ்டனுக்குக் கப்பலேற்றி, ஜான் கோனி என்ற பேர்பெற்ற பொற்கொல்லரிடம் தொழில் பழக விட்டார். பதின்மூன்று வயது, மொழி தெரியாது.

இதற்கு அடுத்துதான் எனக்குப் பிடித்த காகிதம் வருகிறது. 1722இல் கோனி இறந்துபோனார். அவருடைய சொத்துக்குப் பட்டியல் போட்டார்கள். தொழில் கருவிகள், வீட்டுச் சாமான்களோடு சேர்த்து, பால் ரிவ்வார் இன்னும் உழைக்க வேண்டிய காலம், ஏறத்தாழ மூன்றரை வருடம், மதிப்பு 30 பவுண்டு என்று ஒரு வரி! தொழில் பழகுகிறவனின் மீதி வருடங்களும் எஜமானுடைய சொத்து. விற்கலாம், வாங்கலாம். பிறகு தீர்த்த கணக்கில் இன்னொரு வரி: அந்தக் காலத்துக்காக, மதிப்பைவிட 10 பவுண்டு கூடுதலாக வரவு. ஆக 40 பவுண்டு. மீதிக் காலத்தை அந்தப் பையனே விலைகொடுத்து மீட்டுக்கொண்டான். பத்தொன்பது இருபது வயது அகதிப் பையனுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். பட்டியல் அதைச் சொல்லாது. வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கத்தான் அது எழுதப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வரிகளும் இல்லாவிட்டால் அவருடைய இளமையைப் பற்றி நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்தப் பட்டியலிலேயே அப்போலோஸ் என்ற பெயர் பால் ஆகிவிட்டதைக் கவனி. பிறகு ரிவ்வாரும் ரிவியர் ஆனது. 1729இல் டெபோரா ஹிட்ச்பார்ன் என்ற பாஸ்டன் பெண்ணை மணந்து, மகனுக்கும் பால் என்றே பெயர் வைத்தார். ஆகவே பெயரை நம்பி ஆளைத் தேடாதே. ஊர், தெரு, தேவாலயம், தொழில் நான்கும் பொருந்துகிறதா என்று பார்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. மகன் பாலுக்கு ஞானஸ்நானம் 1734 டிசம்பர் 22 என்கிறது தேவாலயப் பதிவு. புத்தகங்களோ 1735 ஜனவரியில் பிறந்தவர் என்கின்றன. இரண்டும் சரி. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. பதினொரு நாளைத் தாண்டிக் குதித்தார்கள். அதற்கு முந்தைய தேதி எதை எழுதினாலும் பழைய கணக்கா புதிய கணக்கா என்று குறித்துக்கொள். இல்லையென்றால் ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் உன் கட்டுரையில் வந்துவிடுவார்கள்.

1754இல் அப்பா இறந்தார். சொத்து எதுவும் வைத்துப் போகவில்லை, நல்ல பெயரையும் ஏழு பிள்ளைகளையும் விட்டுப் போனார் என்று பால் பின்னாளில் உறவினர் ஒருவருக்கு எழுதினார். பாலுக்கு அப்போது 19 வயது. சொந்தப் பெயரில் பட்டறை நடத்த 21 ஆக வேண்டும். அதுவரை அம்மா பெயரில் ஓடியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எந்த ஏட்டிலும் டெபோராவைப் பட்டறைக்காரி என்று எழுதியிருக்க மாட்டார்கள், கவலைப்படாதே.

இனி உன் ஊரிலேயே இருக்கிற புதையல். மாசச்சூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் 1761இல் தொடங்கும் ரிவியரின் சிட்டா இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் அன்றன்றைக்குக் கிறுக்கிவைப்போமே, அதே சிட்டா. அதைப் படித்தால் ஓவியத்தில் இருக்கும் மனிதரே வேறாகத் தெரிவார். பெரிய பாத்திரங்கள் குறைவு; செருப்பு வார்ப்பூட்டு, பொத்தான், தேக்கரண்டி, பழுதுபார்த்த வேலை இவைதான் பக்கம் பக்கமாக. வளர்ப்பு அணிலுக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி கூட உண்டு. காப்லிக்குச் செய்துகொடுத்த படச்சட்டங்களும் உண்டு. வெள்ளி எடைக்கு இவ்வளவு, செய்கூலி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருப்பார். வாடிக்கைக்காரர் பழைய வெள்ளி கொடுத்தால் கழித்துக்கொள்வார். உன் பாட்டி நம் பத்தரிடம் நகை மாற்றின கதை போலவே இருக்கும்.

இந்தச் சிட்டாதான் அரசியல்வாதிகள் சொல்லாததையும் சொல்கிறது. 1768இல் ‘சுதந்திரத்தின் மைந்தர்கள்’ கிண்ணத்தை, அரசருக்குப் பணியாத சட்டமன்ற உறுப்பினர்களின் நினைவாக, 45 அவுன்ஸ் வெள்ளியில் செய்தவர் இவர். 1773 செப்டம்பரில், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டுவதற்கு மூன்று மாதம் முன்னால், வாழ்நாளின் மிகப் பெரிய வேலை வருகிறது: 45 உருப்படி கொண்ட தேநீர், காபிப் பாத்திரத் தொகுதி. கேட்டவர் மருத்துவர் வில்லியம் பெயின், மணப்பெண் லோயிஸ் ஆர்னுக்காக. பெயின் பின்னால் அரசர் பக்கம் நின்றவர். புரட்சிக்காரர் இவருக்கு வேலை செய்து கூலி வாங்கிக்கொண்டார். அதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெரிய குடும்பத்துக்குச் சோறு போடுகிறவருக்கு யார் கட்சி என்று பார்க்க முடியுமா!

சிட்டாவையும் முழுதாக நம்பிவிடாதே. அவர் முத்திரை உள்ள பல பொருள்களுக்கு அதில் பதிவு இல்லை. முத்திரையிலும் எச்சரிக்கை வேண்டும். லண்டனில் பொற்கொல்லர் மன்றம் உரைத்துப் பார்த்து முத்திரை குத்தும். பாஸ்டனில் அப்படி அமைப்பு இல்லை. செய்தவரின் பெயர் முத்திரைதான் ஒரே உத்தரவாதம். அப்பாவும் மகனும் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. அதோடு புகழ் வந்தபிறகு போலி முத்திரை குத்துகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

வெள்ளி மந்தமானபோது வேறு வேலைகளும் பார்த்தார். 1768இல் பல் கட்டித் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். நண்பர் மருத்துவர் ஜோசப் வாரன் 1775இல் பங்கர் ஹில் போரில் இறந்தார். அடுத்த ஆண்டு தோண்டியெடுத்த உடலை, தாம் கம்பியால் கட்டிய பல்லை வைத்து ரிவியர் அடையாளம் காட்டினார். 1777இல் பிறந்த மகனுக்கு ஜோசப் வாரன் என்று பெயர். பிற்காலத்தில் ரிவியர் கான்டனில் தொடங்கிய செப்புத் தகடு ஆலையைத் தொடர்ந்து நடத்தியவன் இந்தப் பிள்ளைதான்.

குடும்பத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தாய். 1757 ஆகஸ்டில் சாரா ஆர்னை மணந்தார். மூத்த மகள் டெபோரா 1758 ஏப்ரலில் பிறந்தாள். மாதத்தை நீயே எண்ணிக்கொள். பதிவேட்டுக்காரர்கள் எண்ணாமல் இருக்க மாட்டோம். சாரா 1773 மே மாதம் இறந்தாள். அதே ஆண்டிலேயே ரேச்சல் வாக்கரை மணந்தார். ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள், மொத்தம் பதினாறு. வளர்ந்து ஆளானவர்கள் பதினொருவர்.

இந்தப் பெண்கள் கல்யாணம், பிரசவம், அடக்கம் என்று மூன்று இடத்தில்தான் ஏட்டில் தலைகாட்டுவார்கள். ரேச்சல் மட்டும் ஓர் இடத்தில் பேசுகிறாள். கணவர் அந்த ஏப்ரல் இரவுக்குப் பிறகு ஊருக்குள் திரும்ப முடியாமல் வெளியே இருந்தபோது, 125 பவுண்டும் ஒரு கடிதமும் மருத்துவர் பெஞ்சமின் சர்ச்சிடம் கொடுத்தனுப்பினாள். சர்ச் ஆங்கிலேயருக்கு உளவு சொல்கிறவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கடிதம் கணவரிடம் போகவில்லை. ஆங்கிலேயத் தளபதி கேஜின் கோப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோப்புகள் இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளெமென்ட்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. கணவர் கைக்குப் போயிருந்தால் படித்துவிட்டு எங்கே போட்டிருப்பாரோ. எதிரி களவாடியதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனால் ஒரு குடும்பத்தைத் தேடும்போது அந்தக் குடும்பத்தின் பெட்டியில் மட்டும் தேடாதே. அவர்களை விசாரித்தவர்கள், கடன் கொடுத்தவர்கள், வழக்குப் போட்டவர்கள் பெட்டியையும் திற. 1779 பெனாப்ஸ்காட் படையெடுப்பில் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ரிவியர்மேல் வந்த புகாரும், 1782இல் அவரை விடுவித்த இராணுவ விசாரணையும் அப்படிப்பட்ட பெட்டிதான்.

நீ செய்யப்போகிற வேலையை அவரே செய்து பார்த்திருக்கிறார் என்பதும் தெரிந்துகொள். பிரான்சிலும் கெர்ன்சியிலும் இருந்த ரிவ்வார் உறவுகளோடு கடிதம் எழுதி, அப்பாவின் பூர்வீகத்தை விசாரித்தார். மேலே சொன்ன பிறந்த நேரம் அப்படித்தான் வந்தது. கெர்ன்சி உறவினரோ ஆங்கிலேயர் பக்கம் பேசுகிறவர். 1780களில் இருவரும் பங்காளி முறையை விசாரிப்பதும் போரைப் பற்றிச் சண்டை போடுவதுமாக எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக உயில். மூத்த மகள் டெபோரா ஏமஸ் லிங்கனுக்கு வாழ்க்கைப்பட்டு இறந்துபோனாள். லிங்கன் அவள் தங்கை எலிசபெத்தையே கட்டிக்கொண்டார். டெபோராவின் மூத்த மகன் பிராங்க். தாத்தாவின் உயில், இப்போது பிரான்சிஸ் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பேரன் பிராங்குக்கு ஒரு டாலர் தவிர வேறெதுவும் கிடையாது என்கிறது. இப்படி உயில்கள் எங்கள் அலுவலகத்துக்கும் வரும். பெயரைச் சொல்லாமல் விட்டால் கிழவர் மறந்துவிட்டார் என்று நாளைக்கு வழக்கு வரும். பெயரைச் சொல்லி ஒரு ரூபாய் எழுதினால் மறக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பெயர் மாற்றத்தை உயிலிலேயே குத்திக்காட்டியிருப்பதைப் பார்த்தால் கோபம் பெயரோடு நின்ற மாதிரி தெரியவில்லை. தேவாலயப் பதிவு, லிங்கன் குடும்பத்துக் காகிதம், நீதிமன்றக் கட்டு என்று அந்தப் பையனைத் துரத்திப் பார். என்ன செய்தான் என்று கண்டுபிடித்தால் கட்டுரையைப் பிறகு அனுப்பு, அதை முதலில் எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை