பின்னால் இருக்கும் அந்த ஒரு சென்சார்

பெட்ரோல் காரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டால், கம்பெனி பாகத்தின் விலையைக் கேட்டதுமே பலருக்குத் தலை சுற்றும். வெறும் பைப்பை வெல்டு வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் இருந்த ஆக்சிஜன் சென்சாரை என்ன செய்வது? ஆளுக்கொரு வைத்தியம்.

நம்பிக்கை: சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டால் போதும்.

உண்மை: இந்த சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதற்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அதில் கரண்ட் ஓடுகிறதா என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம் தனியாகக் கவனிக்கிறது. கழற்றினால் செக் இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனரில் அழித்தாலும் திரும்ப வரும்.

நம்பிக்கை: ஒரு ரெசிஸ்டர் வைத்தால் ஏமாந்துவிடும்.

உண்மை: ஹீட்டர் சர்க்யூட் வேண்டுமானால் ஏமாறும். அதுவும் 14 வோல்ட்டில் 6 ஓம் என்றால் சுமார் 33 வாட் சூடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கும் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். சிக்னல் ஒயர்தான் சிக்கல். பல கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்கும். வெறும் பைப் என்றால் இதுவும் முன்னதைப் போலவே ஆட்டம் போடும். ஈசிஎம் பி0420 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்துவிடும். சில கார்களில் பெட்ரோல் அளவை நுணுக்கமாகத் திருத்தவும் இதே சிக்னல்தான்.

ஸ்பேசர் மாட்டி சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைத்தால் லைட் சில நேரம் அணைந்தே இருக்கும். கார்பன் மோனாக்சைடு மட்டும் அப்படியே வெளியே போகும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம்பிக்கை: கன்வெர்ட்டரை எடுத்தால் மைலேஜ் கூடும்.

உண்மை: அடைத்துப்போனதை எடுத்தால் கூடும். அதைப் பார்த்துப் பரவிய பேச்சு இது.

நம்பிக்கை: பி0420 வந்தால் கன்வெர்ட்டர் காலி.

உண்மை: சென்சாருக்கு முன்னால் ஜாயின்டில் காற்று கசிந்தாலும் இது வரலாம். செலவழிப்பதற்கு முன் அங்கே கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

புது பைப்பில் கன்வெர்ட்டர் இருந்து, சென்சாருக்குத் துளை மட்டும் இல்லையென்றால் கவலையே வேண்டாம். பெரும்பாலான சென்சார்களுக்கு 18 மில்லிமீட்டர் நட்டு ஒன்றை வெல்டு வைத்தால் சரி. பேட்டரி ஒயரையும் சென்சாரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். நட்டு பைப்பின் மேல்பக்கமாக, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். கீழே வைத்தால் பைப்பில் தேங்கும் தண்ணீர் பட்டு உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடும்.