வேன் வருமுன் போய் நில்

அன்புள்ள தங்கைக்கு,

வெம்பக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதே சிவகாசி வட்டாரத்தில் ஊர் ஊராக நடந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

நான் சேர்ந்த காலத்தில், வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதே பெரும்பாடு. இன்று 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். அதே கணக்கெடுப்பு, கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. வாசல்வரை வந்துவிடுகிறார்கள், உடம்பில் ரத்தமில்லாமல் வருகிறார்கள். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலும் நல்ல உடம்பு தாங்கிவிடும். வெளுத்த உடம்பு தாங்காது.

ஒரு விடியற்காலை, பட்டாசு ஆலை வேனுக்கு நின்ற ஐந்து மாதக் கர்ப்பிணியின் நகத்தைப் பார்த்தேன். அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியாய் மின்னியது, ஒன்றும் தெரியவில்லை. தெருவிளக்கடியில் நிறுத்திக் கீழ் இமையை இறக்கினேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சோதித்தால் ஹீமோகுளோபின் 8கூட இல்லை. 11 இருக்க வேண்டும்.

"மாத்திரை சாப்பிடலையாம்மா?"

"வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது நர்சம்மா. பயந்து நிறுத்திட்டேன்."

அது இரும்புச்சத்தின் நிறம்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே மாத்திரையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதே. கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்.

வரச்சொன்ன நாளில் வராதவளைத் திட்டாதே. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. தீபாவளி நெருங்கும் மாதங்களில் அந்தக் கூலியை விட யாருக்கும் மனம் வராது. ஆலை விடுமுறையாகப் பார்த்துத்தான் அந்த ஐந்து மாதக் கர்ப்பிணிக்கும் இரும்புச்சத்து ஊசி ஏற்ற வைத்தேன். பிரசவ நேரத்தில் ஹீமோகுளோபின் 10க்கு மேல் ஏறியிருந்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய், கூலி இழப்புக்குக் கொஞ்சமாவது ஈடாகும். வங்கிக் கணக்கில் பெயர் பிழையாக இருந்தால் அப்போதே திருத்தச் சொல். ஆலையில் பட்டாசு மருந்து அறையில் வேலை பார்ப்பவளானால், வேறு வேலைக்கு மாற்றும்படி ஃபோர்மேனிடம் நீயே பேசு.

உன் பதிவேட்டில் இன்று எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்று எண்ணு. நாளை விடியுமுன், வேன் வருமுன், அவர்கள் நிற்கும் இடத்தில் போய் நில்.

அன்புடன்,
உன் அக்கா