திப்பு சுல்தானின் செம்புக் காசுகளில் அக்கசாலைப் பெயரும் அச்சுப்பிழையும்: பாராமகால் – ஓசூர் எல்லையை முன்வைத்து

இன்றைய இந்திய நாணயத்தில் ஆண்டிற்குக் கீழே காணும் சிறு குறி, அது பிறந்த சாலையைச் சொல்லிவிடும்: மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்திற்கு விண்மீன், நொய்டாவிற்குப் புள்ளி, குறியே இல்லையெனில் கொல்கத்தா. திப்புவின் யானைக் காசுகளில் இத்தகைய குறி இல்லை. மறுபுறத்தில் 'ஸர்ப்' (அச்சிடப்பட்டது) என்னும் சொல்லோடு அக்கசாலையின் பெயரே பாரசீக எழுத்தில் அமைந்துள்ளது. ஸ்ரீரங்கப்பட்டணம் 'பட்டன்' எனவும் பெத்நூர் 'நகர்' எனவும் வரும்.

சிக்கல் நீண்ட பெயர்களில் எழுகிறது. சம்மட்டியால் அடித்த காசுகளில் உலோகத் தட்டு பெரும்பாலும் அச்சைவிடச் சிறியது. ஆகவே எழுத்தின் ஒரு பகுதி விளிம்பிற்கு வெளியே போய்விடும். சித்ரதுர்காவைக் குறிக்கும் 'ஃபர்ருக்யாப் ஹிஸார்', கோழிக்கோட்டை அடுத்த 'ஃபர்ருகி' ஆகிய இரண்டும் தொடக்க எழுத்துகளில் ஒன்றே. 'ஹிஸார்' மட்டும் எஞ்சினால் குத்தியின் 'ஃபைஸ் ஹிஸார்' என்றும் கொள்ள இடமுண்டு. இவ்வாறு குறைந்த எழுத்தைப் புதிய அக்கசாலை என்றோ அச்சுப்பிழை என்றோ பதிவது தவறு.

யானை இடம் நோக்குவதும் வலம் நோக்குவதும் பிழையல்ல. இரண்டும் முறையான வகைகளே. ஆண்டு எண்ணிலோ கூடுதல் கவனம் வேண்டும். ஹிஜ்ரி 1201க்குப் பின் திப்பு, நபிகளின் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட மௌலூதி ஆண்டுமுறைக்கு மாறி 1215 எனத் தொடர்ந்தார். மௌலூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டன. 1218 என்பது 8121 எனத் தோன்றும். அச்சு வெட்டியவர் தவறியிருந்தால் ஒவ்வோர் இலக்கத்தின் வடிவமும் கண்ணாடி நிழல்போலத் திரும்பியிருக்கும். இங்கு வடிவம் நேராக உள்ளது, வரிசையே மாறியுள்ளது. ஆகவே இது ஆணைப்படி நிகழ்ந்தது.

1221 மட்டும் எத்திசையிலிருந்து படித்தாலும் 1221தான்! இவ்வாண்டுதான் நம் வட்டாரத்திற்கு முதன்மையானது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி 1799 வரை மைசூரிடமே இருந்தது. மௌலூதி 1221 என்பது 1793–94. அக்காசு கிருஷ்ணகிரியில் கிடைத்தால் புதிய எல்லையைக் கடந்த காசு. ஓசூரில் கிடைத்தால் உள்நாட்டுக் காசு. அதனையே ஹிஜ்ரி எனக் கொண்டால் 1806–07 ஆகி, யானை உருவத்தைத் தொடர்ந்து பயன்படுத்திய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் காசெனக் குழப்பம் நேரும். உடையார் காசில் கன்னட எழுத்து இருக்கும். திப்புவின் பிற்காலச் செம்புக் காசில் ஸொஹ்ரா (வெள்ளி), பஹ்ராம் (செவ்வாய்) முதலிய கோட்பெயர்கள் மதிப்பைக் குறிக்கும். இவற்றைக் கொண்டே தெளிய வேண்டும்.

உண்மையான அச்சுப்பழுதிற்குச் சான்று ஒரு காசில் கிடைப்பதில்லை. அச்சில் விரிசல் விழுந்தால் காசில் மேடான கோடு தோன்றும். அதே அச்சில் அடித்த பிற காசுகளிலும் அதே இடத்தில் வரும். ஓசூர் ஆலைகளில் தகடு அழுத்துவோர் இதனை நன்கறிவர்: அச்சில் வடு பட்டால் அடுத்தடுத்த பொருளெல்லாம் அவ்வடுவோடுதான் வெளிவரும். இரட்டை அடி, மையம் விலகிய அடி, முன் காசு ஒட்டிக்கொண்டதால் மறுபக்கத்தில் குழிவாகப் பதிந்த நிழலுரு ஆகியவை அச்சின் பிழைகள் அல்ல, அடித்தலின் பிழைகள். அவை காசுக்குக் காசு வேறுபடும். எனவே காசைப் பதிவோர் எடை, விட்டம் ஆகியவற்றோடு கிடைத்த இடத்தையும் இருபுற ஒளிப்படத்தையும் சேர்த்தல் வேண்டும். அதே அச்சில் அடித்த இரண்டாவது காசு கிடைக்கும்வரை 'அச்சுப்பிழை' என்னும் பத்தியை வெற்றாக விடுவதே முறை.