இடம் மாற வேண்டியது பிள்ளையா, உதவியா?

கேள்வி: என் அக்காவும் அவள் கணவரும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் இருவரும் இப்போது என்னோடு இருக்கிறார்கள். பெரியவளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. சின்னவனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. இருவரும் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில். சின்னவனை வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். எழுதச் சொன்னால் ஒரு வரி சரியாக வருவதில்லை. ‘இவனை ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள்’ என்று பள்ளியில் சொல்கிறார்கள். ‘ஜவுளிக்கடைச் சம்பளத்தில் எத்தனை நாள் இழுப்பாய்? ஆளுக்கொரு ஹோமில் விட்டுவிடு’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்னதான் செய்கிறது? நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்களுக்குக் கிடைத்த இரண்டு யோசனைகளும் பார்க்க வேறுவேறாக இருந்தாலும் அடியில் ஒன்றுதான். உதவி எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது, பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள எண்ணம். பையனைப் பள்ளியிலிருந்து கிளப்பு, இருவரையும் வீட்டிலிருந்து கிளப்பு என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டங்கள் இதற்கு நேரெதிராகப் பேசுகின்றன. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால், பிள்ளை வாழும் வீட்டுக்கும் வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளிக்கும் உதவி வந்து சேர வேண்டும் என்பதே அவற்றின் போக்கு. ஆகவே என் பதில் இதுதான்: பையன் அதே பள்ளியில் படிக்கட்டும், இருவரும் உங்களோடு இருக்கட்டும். கடைச் சம்பளத்தில் இதை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பையன். கடிதத்தை மட்டும் வைத்து அவனுக்கு இன்னதுதான் என்று நான் சொல்லக் கூடாது, நேரில் சோதித்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாயில் வருவது கையில் வராத பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ‘மேகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது மகர ஒலி, அதன் பிறகே ஏகாரம். கையோ முதலில் இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டுப் பிறகு மகரத்தை எழுத வேண்டும். ‘கொடி’ என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், ககரம் நடுவில். காதின் வரிசையும் கையின் வரிசையும் இப்படி மாறிக் கிடப்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் தொடக்க வகுப்புகளிலேயே பழகிக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு எத்தனை முறை இம்போசிஷன் எழுத வைத்தாலும் பிடிபடுவதில்லை. ல, ள, ழ தரும் குழப்பம் தனி. அவன் பழைய நோட்டுகளை எடுத்து, பிழை எந்த இடத்தில் விழுகிறது என்று வரிவரியாகப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும் பக்கங்களைப் பத்திரப்படுத்துங்கள். சோதிப்பவர் கையில் அது நல்ல சாட்சி. இதைச் சோம்பல் என்றோ மந்தம் என்றோ சொல்வது அநியாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பேசியது, அதில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் இடம்பெற்றது. அதைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகள், அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாம் அதில் அடங்கும். ஐந்தாம் வகுப்பு வரை ஒருவரும் கண்டறியவில்லை என்றால், தவறியது உங்கள் பையன் இல்லை.

‘சிறப்புப் பள்ளியில் அதற்கென்றே படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அங்கே போனால் நன்றாகத்தானே கற்றுக்கொள்வான்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருச்சி புத்தூரில் பார்வைத்திறன் குறையுடைய மாணவியருக்கென்று அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பிரெயில் தெரிந்த ஆசிரியரும், பிரெயில் புத்தகமும், அதே எழுத்தைத் தடவிப் படிக்கும் தோழிகளும் ஒரே இடத்தில் கிடைப்பது அந்தப் பெண்களுக்குப் பெரிய பலம். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் கூட்டம் வேண்டும், தனியாக ஒரு வகுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளைக்கு மொழியே வளராது. இத்தாலி 1977இல் சட்டம் போட்டுக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் வகுப்புக்கு ஆதரவு ஆசிரியர்களையும் சேர்த்தே அனுப்பியது. அது இல்லாமல் கதவை மட்டும் திறந்துவிட்டால் பிரயோசனம் இல்லை. உங்கள் பையன் விஷயம் வேறு. அவனுக்கு வேண்டியது வேறு கட்டடமோ வேறு மொழியோ அல்ல. அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லித் தரும் ஒருவரும், எழுதக் கொஞ்சம் கூடுதல் நேரமும் போதும். மேலும், 6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம், எது என்பது பிள்ளையின் விருப்பம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. அந்த விருப்பத்தைப் பள்ளி தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளி பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தையும் முடித்து, எமிஸ் இணையதளப் பதிவுகளையும் முடிக்க வேண்டிய ஆசிரியரால் ஒரு பிள்ளைக்கென்று தனியாக எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? முடியாதுதான். அதனால்தான் அந்த வேலைக்கு வேறொருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கணக்கே போட்டுச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். பல மாநிலங்கள் பணியிடங்களையே உருவாக்கவில்லை என்று கண்டு, 2025 மார்ச்சில் மறுபடியும் கெடு வைத்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பள்ளிகளுக்குச் சென்று வருகிறார்கள், படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒருவர் தலையில் பல பள்ளிகள், கையில் தொகுப்பூதியம். அந்த ஊதியம் வரும் திட்டத்துக்கான 2024–25ஆம் ஆண்டு ஒன்றிய அரசுப் பங்கு, 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு அரசுகளின் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பெரியவர்கள் பேசட்டும். வகுப்பில் கொம்பு எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதற்காக ஓராண்டு காத்திருக்க முடியாது. பள்ளியோடு நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். ‘வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை இவனைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்’ என்று தலைமை ஆசிரியரிடம் கடிதமாகவே கொடுங்கள். ஆசிரியருக்கும் அது ஆறுதலாகவே இருக்கும்.

அடுத்து, ‘சான்றிதழ் வாங்கினால் பையன் மேல் ஊனம் என்று முத்திரை விழுந்துவிடுமே’ என்ற தயக்கம் வரும். அது உங்களுக்கு வராவிட்டாலும் சொந்தத்தில் யாராவது சொல்வார்கள். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. ‘மக்கு’ என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் பையன் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பெயர் எந்த உரிமையையும் தராது, சான்றிதழ் தரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் கிடைக்கின்றன. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள். உங்கள் பையனுக்கு அந்த வயது வந்துவிட்டது. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று பள்ளியிலேயே கேளுங்கள். அதைத் தவறவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே போகலாம்.

இனி, இருவரும் எங்கே வளர்வது என்ற பெரிய கேள்வி. சொந்தக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் நேரத்துக்குப் படிப்பும் கிடைக்கும் என்று நம்பிச் சொல்கிறார்கள். வீட்டிலேயே ஆபத்து இருக்கும் பிள்ளைக்கும், ஏற்க ஆளே இல்லாத பிள்ளைக்கும் இல்லம் வேண்டும், அதுவும் நல்ல இல்லமாக வேண்டும். ஏற்க ஆள் இருக்கும்போது, காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவதைத்தான் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கப் பார்க்கிறது. இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. இதற்கு உலக அளவில் அழுத்தமான ஆதாரம் ருமேனியாவில் கிடைத்தது. புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளில் பாதிப் பேரை 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் மனிதரோடு ஒட்டும் தன்மையும் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட மேலாக இருந்தன. அவை கைக்குழந்தைகள், நம் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், நம் ஊர் இல்லங்களும் வேறு மாதிரி என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாயையும் தகப்பனையும் இழந்த இரண்டு பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது அக்கா தம்பி என்ற அந்த ஒரு உறவும் நீங்களும்தான். ‘ஆளுக்கொரு ஹோம்’ என்பது அதையும் அறுத்துவிடும்.

அப்படியானால் காசுக்கு என்ன வழி? ஒன்றிய அரசின் மிஷன் வத்சல்யாவில் உள்ள நிதி ஆதரவுத் திட்டம், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 8,000 ரூபாய்! வாடகை கொடுத்து ஸ்ரீரங்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தை இதற்கு மேல் ஆயிரம் ரூபாய் வந்தால் வசதியானவர்கள் என்று கணக்கிடுவது எனக்குச் சம்மதமில்லை, அந்த வரம்பு உயர வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பத்தைப் பார்த்துச் சொல்வார்கள். ‘அங்கே போனால் குழந்தை நலக் குழு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுமோ’ என்று பயந்தே பல சித்திகளும் பாட்டிகளும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டுதான். அதே அதிகாரத்தை வைத்துத்தான் விசாரித்து, உறவினரிடமே பிள்ளையை ஒப்படைத்து ஆணையும் தருகிறது. அந்த ஆணை உங்கள் கையில் இருந்தால், நாளைக்கு ஒரு சான்றிதழுக்கோ வங்கிக் கணக்குக்கோ ‘நீ யார்?’ என்று எவரும் கேட்க முடியாது.

என் உண்மையான ஆதங்கம் வேறு. உங்கள் வீட்டில் இருப்பவன் ஒரு பையன். அரசின் கணக்கில் அவன் பள்ளிக் கல்வித் துறையில் ஒருவன், மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் இன்னொருவன், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையில் மூன்றாமவன். மூன்று கோப்பு, மூன்று ஜெராக்ஸ் கட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி மூன்று நடை. ஒவ்வொரு நடைக்கும் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. விண்ணப்பிக்கும் தெம்பு உள்ளவருக்கே உதவி என்று ஆகிவிட்டால், அதிகம் தேவைப்படுபவர்தான் முதலில் விடுபடுவார். விண்ணப்பம் இல்லாவிட்டால் தகுதியற்றவர்கள் வாங்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. பணம் கையில் போகும் இடத்தில் சரிபார்ப்பு வேண்டும்தான். சரிபார்க்கும் அலைச்சல் அரசுடையதாக இருக்கட்டும் என்கிறேன். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே திருச்சிக்குப் பக்கத்தில், பாப்பாக்குறிச்சியில். அன்று தட்டேந்திய பிள்ளையிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. பிள்ளை வந்து உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளை யார், எழுத்து வராத பிள்ளை யார் என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் ஒரே ஒரு முறை பதிவு செய்தால் மற்ற இரண்டு துறைகளும் வீட்டுக்கு வர வேண்டும். இதைச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

அது நடக்கும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. இரண்டு இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் ஆதார், பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, உங்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை எல்லாவற்றையும் முதலில் சேர்த்துவிடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தாலும் போதும். பெரியவளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதும் சமைப்பதும் அவள் தலையில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்படியே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அவளுக்கும் உண்டு. அவசரப்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். மனுவில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள். தனித்தனித் தாளானால் தனித்தனி மேசைக்குப் போய்விடும்.