காளைக்கு எந்த வண்டி?

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. அய்யம்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் ஜல்லிக்கட்டுக்குக் காளையைக் கொண்டுபோகச் சொந்தமாகவே வண்டி வாங்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். நல்ல முடிவு. எல்லோரும் இழுவையைத்தான் முதலில் கேட்பார்கள். நீ பிரேக்கைப் பற்றிக் கேள். நம் ஜெயமங்கலத்திலிருந்து வைகை அணை வழியாக மதுரைப் பக்கம் போனால் ஆண்டிபட்டிக் கணவாய் இறங்க வேண்டும். மாட்டோடு இறங்கும்போது பிரேக் மிதித்த இடத்தில் நிற்கிற வண்டிதான் நமக்கு வேண்டியது.

முதலில் எடை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழி. காளை, ஆட்கள், பின்னால் அடிக்கிற இரும்புச் சட்டம், தீவனம், தண்ணீர் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி சுமார் 750 கிலோ தாங்கும். காளை 400 கிலோ என்று வைத்தால் ஒன்றுக்குப் போதும். இரண்டு ஏற்றினால் மாடுகளின் எடையே 800 ஆகிவிடும். ஜோடியாகக் கொண்டுபோவதென்றால் பொலேரோ பிக்கப், தோஸ்த் போன்ற பெரிய வண்டியைப் பார்.

அடுத்தது இடம். 2015-இல் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் கேட்கிறது. குட்டியானையின் தளம் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஏறக்குறைய மூன்றேகால் சதுர மீட்டர்தான் வரும். இந்தக் கணக்கிலும் ஒரு மாடுதான்.

மூட்டை கிடந்த இடத்தில் கிடக்கும். காளை நின்றுகொண்டு வருகிறது. அதன் கனம் உயரத்தில் இருக்கிறது, திருப்பத்தில் கால் மாற்றி வைக்கிறது. அதனால் தளம் தாழ்ந்த, சக்கர இடைவெளி அகன்ற வண்டியாக எடு. வேகம் இரட்டித்தால், பிரேக் மிதித்த பிறகு வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் மறக்காதே. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது; இறக்கத்தில் டிராக்டரையே முன்னால் தள்ளிவிடும்.

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளைப் படித்துப் பார். தரை வழுக்காமல் தென்னைநார்ப் பாய் போன்ற ஏதாவது விரிக்க வேண்டும், கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வர வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது. மாட்டின் முகம் எஞ்சின் பக்கம் இருப்பது நல்லது என்கிறது விதி. கால்நடை மருத்துவரின் சான்றும் கையில் இருக்கட்டும். ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகை செய்துகொள். குதிக்க வைத்தால் கால் போய்விடும்.

பணம் கொடுப்பதற்கு முன், காளையின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார். மூட்டையோடு தடுமாறுகிற வண்டி காளையோடு நிற்கவே நிற்காது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடு. வாடிவாசலில் காளை தன்னைப் பார்த்துக்கொள்ளும். வழியில் அதைக் காப்பது உன் பொறுப்பு.

அன்புடன்,
மாமா