டிராமாவுக்கு வெளியே இருக்கும் கொரியா

கேள்வி: என் மகளுக்குக் கொரிய டிராமா என்றால் உயிர். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் என்னையும் அவள் அப்பாவையும் பத்து நாள் தென் கொரியாவுக்கு அழைத்துப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு அங்கே பிடித்த பாடகர்கள் இருக்கிறார்கள், ஷூட்டிங் நடந்த தெருக்கள் இருக்கின்றன. எங்களுக்கு என்ன இருக்கிறது? நாங்கள் சுத்த சைவம் வேறு. அவ்வளவு செலவு செய்து போய், பிரெட்டும் ஊறுகாயும் தின்றுவிட்டுத் திரும்புவதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். மகளைவிட உங்கள் இருவருக்கும்தான் அந்த நாடு அதிகம் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொரியாவின் பழைய பண்பாடு, வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்த்துக்கொள்ளும் பண்பாடு. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு நான்கு நாளில் அலுத்துவிடும். ஒரு இரவு கோயிலில் தங்கி, ஒரு மாலை பாட்டுக் கேட்டு, சூடான தரையில் படுத்து எழுந்தவர்களுக்குப் பத்து நாள் போதாது.

உங்கள் பயம் சாப்பாட்டில் இருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன். சாதாரண உணவகங்களில் சைவம் கிடைப்பது சிரமம்தான். காய்கறிக் குழம்பு என்று நினைத்துச் சாப்பிடுவதில் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய்போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் அதில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘கறி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் கூடாது’ என்று கொரிய எழுத்தில் அச்சடித்த சீட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் பல கடைகளில் பிபிம்பாப் செய்து தருவார்கள். சோற்றின்மேல் தனித்தனியாக வதக்கிய கீரை, கேரட், முளைகட்டிய பயறு, காளான் எல்லாம் வைத்து, கோச்சுஜாங் என்ற காரமான விழுதைப் போட்டுக் கிளறிச் சாப்பிடுவது அது. கோடையில் போனால் சோயாவை அரைத்தெடுத்த குளிர்ந்த பாலில் போடும் நூடுல்ஸ் கிடைக்கும்.

ஆனால் அதே நாட்டில், ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சைவச் சமையலைக் கலையாக வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பௌத்தத் துறவிகள். கொரியக் கோயில் சமையலில் கறியும் மீனும் கிடையாது. பூண்டு, வெங்காய வகைகளும் கிடையாது. மனத்தைக் கிளறிவிடும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட மலைக்கீரைகள், தாமரைத் தண்டு, காளான், எள், பல ஆண்டுகள் ஊறிய சோயா சாறு என்று அவர்கள் சமைப்பது வியக்கவைக்கும். தெற்கே பேக்யாங்சா கோயிலைச் சேர்ந்த சிறு மடத்தில் சமைக்கும் ஜியோங் குவான் என்ற பிக்குணியை, 2017-இல் நெட்ஃப்ளிக்ஸின் ‘செஃப்ஸ் டேபிள்’ தொடர் உலகத்துக்குக் காட்டியது. சியோல் நடுவே ஜோக்யேசா கோயிலுக்கு எதிரில் கோயில் உணவுக்கென்றே ஒரு உணவகம் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், முன்பதிவும் வேண்டும். ஒரு மதியமாவது அங்கே உட்காருங்கள்.

அதைவிட நல்லது, கோயிலிலேயே தங்குவது. 2002 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது வெளிநாட்டவருக்காகத் தொடங்கிய ‘டெம்பிள்ஸ்டே’ இன்று நாடு முழுவதும் பல கோயில்களில் நடக்கிறது. போனதும் தளர்வான கால்சட்டையும் மேலங்கியும் தருவார்கள். பொழுது சாயும்போது நான்கு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். நிலத்தில் வாழும் விலங்குகளுக்காகத் தோல் முரசு, நீரில் வாழ்பவற்றுக்காக மரத்தில் குடைந்த மீன், பறவைகளுக்காக மேக வடிவ வெண்கலத் தகடு, நரகத்தில் துன்புறும் உயிர்களுக்காகப் பெரிய மணி. எந்த உயிரையும் விட்டுவிடாமல் கூப்பிட்டு முடித்த பிறகுதான் வழிபாடு. மறுநாள் விடியுமுன்பே எழுப்பிவிடுவார்கள். சில கோயில்களில் துறவிகளைப்போல நான்கு கிண்ணங்களில் சாப்பிடும் முறையையும் சொல்லித் தருவார்கள். பேச்சே கிடையாது. வேண்டிய அளவே வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு துண்டு ஊறிய முள்ளங்கியால் கிண்ணத்தைத் துடைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். முதல் தடவை சங்கடமாக இருக்கும். செய்து முடித்த பிறகு, அன்றாடம் நம் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற நினைப்பு உங்களை விடாது. தரையில் நீண்ட நேரம் உட்காரவோ, நூற்றெட்டு முறை விழுந்து வணங்கவோ முட்டி ஒத்துழைக்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

எந்தக் கோயில் என்று கேட்டால், பயணம் நீளமாக இருந்தாலும் ஹேயின்சாவைத்தான் சொல்வேன். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து வந்து, முன்பே செதுக்கி வைத்திருந்த, பௌத்த மறைநூலான திரிபிடகத்தின் அச்சுப் பலகைகள் எரிந்துபோனபோது, கொரியர்கள் மறுபடியும் முதலிலிருந்து செதுக்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில்! அப்படி உருவான 81,258 மரப்பலகைகள் இன்றும் ஹேயின்சாவில் இருக்கின்றன. அவற்றைக் காப்பது 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரக்கட்டடம். ஏசி கிடையாது, மின்விசிறி கிடையாது. முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, மேல் ஜன்னல் சிறிது. பின்சுவரில் அதற்கு நேர்மாறு. காற்று ஒரு பக்கம் நுழைந்து, கூடம் முழுவதும் சுற்றி, மறுபக்கம் வெளியேறும். தரைக்கடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு போட்டு ஈரத்தை அடக்கியிருக்கிறார்கள். உள்ளே எளிதில் விடமாட்டார்கள். வெளியே நின்று மரச்சட்டங்களின் வழியாகப் பாருங்கள். பலகைகளின் முனைகள் வரிசை வரிசையாகத் தெரியும். கொரியப் போரில், 1951-இல், கோயில் இருக்கும் மலையில் பதுங்கியிருந்த எதிரிகள்மேல் குண்டு போட உத்தரவு வந்தது. கிம் யங்-ஹ்வான் என்ற விமானப்படை அதிகாரி கோயிலை நினைத்து அதற்கு மறுத்துவிட்டார். அவர் மறுத்ததால்தான் நாம் இன்று அங்கே போய் நிற்க முடிகிறது.

நீங்கள் தஞ்சாவூர்க்காரர். கோயில், அரண்மனை என்றால் அவ்வளவு எளிதில் வியக்கமாட்டீர்கள். சியோலின் கியோங்போக்குங் அரண்மனைக்குப் போகும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1395-இல் கட்டிய அரண்மனை அது. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் திரும்பக் கட்டினார்கள். 1910-இல் நாடு ஜப்பானின் ஆட்சிக்குள் போனதும் பெரும்பாலான கட்டடங்களை இடித்து, அரண்மனையை மறைத்தபடி ஒரு பெரிய அரசாங்க மாளிகை எழுப்பினார்கள். அந்த மாளிகையைக் கொரியர்கள் 1995-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அரண்மனையை இன்றுவரை பகுதி பகுதியாகத் திரும்பக் கட்டிவருகிறார்கள். ஆகவே அங்கே பழங்கல்லைத் தேடாதீர்கள். விட்டுக்கொடுக்காத ஒரு சமூகத்தின் பிடிவாதத்தைத் தேடுங்கள். ஹன்போக் உடை வாடகைக்கு எடுத்து அணிந்து போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்கள் மகள் நிச்சயம் அணிவாள், நீங்களும் அணியுங்கள். கொரியப் பாட்டிகளே வந்து முடிச்சைச் சரிசெய்துவிட்டுப் போவார்கள். அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பழங்கல்தான் வேண்டும் என்றால் கியோங்ஜுவுக்குப் போங்கள். சில்லா அரசின் தலைநகராக ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இருந்த ஊர். சியோலிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். ஊர் நடுவே புல் மூடிய பெரும் மேடுகள் இருக்கின்றன, அரசர்களும் பிரபுக்களும் அடங்கிய சமாதிகள் அவை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் கல்லூரிப் பிள்ளைகள் காபி குடிப்பதும் அவற்றின் ஓரத்திலேதான். மலைமேல் சொக்குராம் குகையில், 8-ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் வடித்த புத்தர் கிழக்குக் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். கண்ணாடித் தடுப்பு இருப்பதால் நெருங்க முடியாது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்க்க மலை ஏறலாம். இந்த ஊருக்கு இரண்டு இரவு கொடுங்கள்.

ஒரு மாலையைப் பான்சோரிக்கு ஒதுக்குங்கள். ஒரு பாடகர், ஒரு முரசுக்காரர், அவ்வளவுதான். பாடகர் கையில் ஒரு விசிறி மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு காதலி, கொடுங்கோல் அதிகாரி, மாமியார், பிச்சைக்காரன் என எல்லாரும் அவரே ஆவார். பாடுவார், நடுவே வசனம் பேசுவார், அழுவார். முழுக்கதையும் பாடினால் பல மணி நேரம் ஆகும் என்பதால் பெரும்பாலும் ஒரு பகுதியைத்தான் பாடுவார்கள். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி தெரியாமலே இது பிடிபடும். நல்ல இடம் வரும்போது முரசுக்காரரும் கூட்டமும் ‘அப்படிப் போடு’ என்கிற மாதிரிக் குரல் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பாடகருக்குச் சோர்வு வந்துவிடும் என்பார்கள். நீங்களும் கொடுங்கள். சியோலில் தேசிய குகாக் மையத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து டிக்கெட் எடுக்கலாம்.

தங்குவதற்கு ஓரிரு இரவு ஹனோக் என்ற பழைய மரவீட்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சொன்ன சூடான தரை அங்கேதான். ஜியோன்ஜு ஊரில் ஒரு பகுதி முழுவதும் அத்தகைய வீடுகள்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மகளுக்குப் பிடித்த ஷூட்டிங் தெருக்களுக்கும் போங்கள், முகம் சுளிக்காமல். அவள் ஆர்வம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியையே நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள்.

கேள்வி: கொரியாவின் முதல் ராணி நம் தமிழ்ப் பெண் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பார்க்க முடியும். உண்மையா என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதாக ‘ஆம்’ சொல்ல முடியாது. கி.பி. 48-இல் ‘ஆயுத்தா’ என்ற தொலைநாட்டிலிருந்து ஹியோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கப்பலில் வந்து, கயா நாட்டின் சுரோ மன்னரை மணந்தாள் என்று ‘சம்குக் யூசா’ சொல்கிறது. அந்த நூலை இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13-ஆம் நூற்றாண்டில்தான் தொகுத்தார். சம்பவத்துக்கும் நூலுக்கும் நடுவே பன்னிரண்டு நூற்றாண்டு இடைவெளி. ஆயுத்தா என்பது அயோத்தி என்று பலர் சொல்கிறார்கள்; அங்கே 2001-இல் நினைவுச்சின்னமும் வைத்துவிட்டார்கள். நம் தென்கோடி ஆய் நாடுதான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுக்குமே அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. இப்படிச் சொல்வதால் நம் பெருமை குறைந்துவிடாது.

புசான் நகரிலிருந்து இலகு ரயிலில் கிம்ஹே ஊருக்குப் போனால் மன்னர் சமாதியும் ராணி சமாதியும் இருக்கின்றன. ராணி கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் கற்கோபுரம் ஒன்றையும் அங்கே காட்டுவார்கள். கிம்ஹே கிம் வம்சத்தாரும் கிம்ஹே ஹியோ வம்சத்தாரும் அந்தத் தம்பதியைத் தங்கள் மூதாதையராகக் கருதுகிறார்கள்; ஒரே குடும்பம் என்பதால் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது வழக்கம். இளவரசி எந்த ஊர்க்காரி என்ற தகராறைவிட, ஒரு கதை இத்தனை தலைமுறைக் கல்யாணங்களைத் தீர்மானித்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் பாதி வரை மலையெல்லாம் சிவந்திருக்கும், என் தேர்வு அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும், கூட்டமும் நெரியும். ஜூன் கடைசி, ஜூலையில் விடாத மழை. டிசம்பர், ஜனவரியில் சியோலில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

மொழிக்குப் பயப்படாதீர்கள், ஆனால் எழுத்தைக் கற்றுக்கொண்டு போங்கள். ஹங்குல் எழுத்தை மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். சீன எழுத்தைப் படிக்க வசதியில்லாத சாதாரண ஜனங்களுக்காகவே செய்தது. வாயும் நாக்கும் எப்படி வளைகின்றனவோ அதைப் பார்த்தே மெய்யெழுத்துகளின் வடிவத்தை அமைத்திருக்கிறார்கள். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும் என்பதால் உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இரண்டு, மூன்று மாலைகள் போதும். பொருள் புரியாவிட்டாலும் பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் உணவகப் பலகையையும் கூட்டிப் படித்துவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்கோ சென்டரில் வகுப்புகளே நடக்கின்றன.

போனில் கூகுள் மேப்ஸை நம்பிப் போகாதீர்கள், அங்கே நேவர் மேப் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் டி-மணி அட்டை ஒன்று போதும். மெட்ரோவில் முதியோர் இருக்கை காலியாகவே இருந்தாலும் இளையவர்கள் உட்காருவதில்லை. கடைகளில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் கிடையாது. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைப்பதுபோல் ஆகிவிடும். தேதி குறிக்குமுன் சூசொக், சொல்லால் பண்டிகைகள் எப்போது என்று பாருங்கள். அந்த நாட்களில் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது, பல கடைகள் மூடியிருக்கும். விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.